மூணு ஃபேன் கார்டு

எங்கள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுவார். லைசென்ஸ் கிடையாது. கீரமங்கலத்தில் பூக்கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு டூவீலரே அதிகம் என்பது என் அபிப்பிராயம். அவர் ஓட்டுவது கம்ப்யூட்டரில். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பீக்கரை அலறவிட்டு, பேசுகிற மைக்கை முன்னால் வைத்து உட்காருவார். ஏதோ ஐரோப்பாக்காரர்கள் எல்லோரும் இவர் கொண்டுபோகும் சரக்கை நம்பித்தான் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள் என்பதுபோல ஒரு முகம் வைத்துக்கொள்வார்.

கூடவே இன்னொரு லாரியில் எங்கள் மகள் வருவாள். புனேயில் வேலை பார்க்கிறாள். இங்கிருந்து இவரும் அங்கிருந்து அவளும் ஒரே ரோட்டில் முன்னும் பின்னுமாகப் போவார்கள். அந்தக் கம்ப்யூட்டரே அவள் விட்டுப்போனதுதான். காலேஜ் படிக்கும்போது, கையில் இருந்த காசுக்கு ஏற்றபடி ஒவ்வொரு சாமானாகத் தேடி வாங்கி அவளே பூட்டியது. பழசாகிப்போனதால் நடுநடுவே நின்று நின்றுதான் ஓடும்.

எனக்கு இந்த விளையாட்டு பிடிக்காது. ஆனால் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். காரணம் உண்டு. எங்கள் மகள் போனில் மூன்று வாக்கியம்தான் பேசுவாள். "நல்லா இருக்கேம்மா. சாப்ட்டேம்மா. வச்சிர்றேம்மா." நான் டீச்சர், ஒரு கேள்விக்கு ஒன்பது கேள்வி கேட்டு வாயைப் பிடுங்கித் தெரிந்தவள். என்னிடமே இந்தக் கதை. ஆனால் லாரியில் உட்கார்ந்துவிட்டால் போதும், அப்பனிடம் எல்லாவற்றையும் கொட்டுவாள். ஹாஸ்டல் சாப்பாட்டில் உப்பில்லை, மேனேஜர் ஒரு மாதிரி, காய்ச்சல் வந்து போனது, முடி கொட்டுகிறது. பக்கத்து ரூமில் கீரை ஆய்வதுபோல நானும் கேட்டுக்கொள்வேன். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரிய வந்ததெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அதற்குத்தான் வேட்டு வந்தது. விளையாட்டுக்காரன் ஏதோ அப்டேட் விட்டான். புதிதாக மழை பெய்ய ஆரம்பித்தது. அழகான மழை என்று மகள் சொன்னாள். இவருக்கு அந்த அழகெல்லாம் தெரியவில்லை. மழை விழுந்ததும் திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அணைத்துப் போட்டார், போட்டு அணைத்தார். "பரவால்லப்பா, அடுத்த வாரம் பாப்போம்" என்றாள். அடுத்த வாரமும் மழை. அதற்கடுத்த வாரம் அவள் வரவே இல்லை.

"கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்" என்று இவர் அறிவித்தார். உள்ளே இருந்து திரையில் படம் ஓட்டுகிற சாமானாம்; சூடு தணிய அதன்மேலேயே ஃபேன் வைத்திருப்பார்களாம். பூ கட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் செல்போனில் கார்டு பற்றிய வீடியோதான். பெண் பார்க்கிற வீட்டில்கூட இவ்வளவு விசாரிக்கமாட்டார்கள். சின்ன கார்டா, பெரிய கார்டா? புதுசா, ஒருத்தர் ஓட்டியதா? துணைக்கு என் தம்பி வேறு. அவன் வயரிங் வேலை பார்ப்பவன். கரண்ட் ஓடுகிற எதைப் பற்றியும் கருத்துச் சொல்லத் தனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறவன்.

"ஒத்த ஃபேன் கார்டெல்லாம் வேஸ்ட்டு மச்சான். ஹால்ல ஒத்த ஃபேன் போட்டா பத்துதா? மூணு ஃபேன் உள்ளதா எடுங்க" என்றான்.

"அதான் மாப்ள நானும் நெனச்சேன்" என்றார் இவர். ரெண்டு பேருக்கும் வாய்த்த மூளை அப்படி.

போகிற அன்றைக்குக் காலையில் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கையை வைத்து அளந்தார். ஒரு சாண், மூன்று விரல். "என் பையில ஸ்கேல் இருக்குங்க, எடுத்து அளங்க" என்றேன். "நாளெல்லாம் பூ அளக்குற கை. இதுக்கு ஸ்கேலு எதுக்கு?" என்று சட்டையை மாட்டினார்.

மூவருமாக ஆலங்குடி வழி பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போனோம். கடையில் இருந்த பையன் பொறுமைசாலி. எந்த பிராசசர், எந்த பவர் சப்ளை என்று வரிசையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "சார், ஒங்க மிஷினுக்கு இந்த ரெண்டு ஃபேன் கார்டே தாராளம். இதுக்கு மேல போட்டா பிராசசர் ஈடு குடுக்காது. அந்தக் கேமுக்கு இது போதும்" என்றான்.

"அதுல மழை பேயுமா?" என்று கேட்டார் இவர்.

பையன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"பேயும் சார்."

"மூணு ஃபேன்ல?"

"அதுலயும் பேயும்."

"அப்ப மூணு ஃபேனே குடுங்க தம்பி."

கேபினட்டுக்குள் நுழையுமா என்று பையன் கவலைப்பட்டான். நீளம் பெட்டியிலேயே மில்லிமீட்டரில் போட்டிருப்பதாகக் காட்டினான். இவர் கேட்டால்தானே! கார்டை மேஜைமேல் வைக்கச் சொல்லிக் கையை விரித்து அளந்தார். ஒரு சாண், மூன்று விரல். அச்சு அசலாக வீட்டில் அளந்த அதே அளவு. என் தம்பி கைதட்டாத குறை. பவர் சப்ளையும் பழசு தாங்காதென்று அதையும் சேர்த்துக் கட்டினார்கள்.

வீட்டில் வந்து வைத்தால், கார்டு நுழையவில்லை. ரெண்டு விரல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இவர் கையைப் பார்க்கிறார், கார்டைப் பார்க்கிறார், மறுபடி கையைப் பார்க்கிறார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது; அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். வீட்டில் அளந்தது வீட்டுக் கை. கடையில் மேஜைக்கு முன்னால் நின்றதும் பூக்கடைக் கை வந்துவிட்டது. இவருடைய பூக்கடைக் கை ஒரு சாண் வைத்ததும், ரெண்டு விரல் கொசுறு தள்ளிவிட்டுத்தான் மிச்சத்தை எண்ணும். இவர் கடையில் கூட்டம் நிற்பதே அந்தக் கொசுறுக்காகத்தான். அதே கணக்கில் கார்டுக்கும் ரெண்டு விரல் கொசுறு விட்டிருக்கிறார்.

"கார்டுக்காரனுக்கே கொசுறு போட்ட ஒரே ஆளு நீங்கதாங்க" என்றேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திருப்பிக் கொடுக்கப் போகலாம் என்றால் கௌரவம் இடித்தது. தம்பி கட்டிங் மிஷினோடு வந்து, உள்ளே ஹார்ட் டிஸ்க் உட்காரும் தகரத் தட்டை அறுத்து எடுத்தான். தெருவே எங்கள் வீட்டில் கேட் மாற்றுகிறோம் என்று நினைத்திருக்கும். இருக்க இடமில்லாமல் தொங்கிய ஹார்ட் டிஸ்க்கை இவர் வாழைநார் எடுத்து, மாலைக்குப் போடுகிற முடிச்சாகப் போட்டுக் கட்டினார். "சூட்டுல பத்திக்கிட்டு எரியட்டும், வீட்டோட எல்லாரும் போய்ச் சேருவோம்" என்று நான் கத்திய பிறகுதான் நாரை அறுத்துவிட்டு பிளாஸ்டிக் டை போட்டார்கள். கடைசியில் கார்டு உட்கார்ந்தது. மூன்று ஃபேனும் சுற்றியது. தம்பி என்னமோ ராக்கெட் விட்டவன் மாதிரி காப்பி கேட்டான்.

அந்த ஞாயிறு மகள் வந்தாள். திரையில் மழை கொட்டியது; எனக்கே ஒரு நிமிஷம் கொடியில் துணி கிடக்கிறதே என்று தோன்றிவிட்டது. லாரி எங்கேயும் நிற்கவில்லை. "அப்பா, சூப்பர்ப்பா!" என்றாள். ரெண்டு பேரும் பறந்தார்கள். நான் கீரையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "லெஃப்ட்டுப்பா." "பாத்துத்தா, பிரேக்கு." "ஓவர்டேக் பண்ணுங்கப்பா." அவ்வளவுதான். சரக்கு இறங்கியது, "பைப்பா" என்றாள், முடிந்துவிட்டது. கீரை முழுசும் ஆய்ந்தாகிவிட்டது. பிள்ளையைப் பற்றி ஒரு சேதி இல்லை.

எனக்கு எரிச்சல் வந்தது. "இதுக்கா மூணு ஃபேனு? பழைய கார்டு அப்பப்ப நின்னு நின்னு போகும். அது நிக்கிற நேரத்துலதான் அவ வாயத் தொறப்பா. இப்ப காசு குடுத்து அதையும் கெடுத்தாச்சு" என்றேன். இரவு இவர் சரியாகச் சாப்பிடவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறும் மழை. பாதி வழியில் இவர் லாரியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"என்னப்பா, ஹேங் ஆயிருச்சா?" என்று மகளின் குரல்.

"இல்லத்தா. கார்டு நல்லாத்தான் ஓடுது. நாந்தான் நிறுத்துனேன்."

"ஏம்ப்பா?"

"ஓட்டிக்கிட்டே இருந்தா நீ ஒண்ணும் பேசமாட்டேங்கிற. நீ பேசாம எனக்கு லாரி எதுக்குத்தா?"

முன்னால் போய்விட்டிருந்த அவள் லாரி மெதுவாகப் பின்னால் வந்து, இவர் லாரிக்குப் பக்கத்தில் நின்றது. மழை ரெண்டின் மேலும் பெய்துகொண்டிருந்தது.

"எனக்கு இங்க பிடிக்கலப்பா" என்றாள். "ரொம்ப நாளாவே பிடிக்கல. வேலைய விட்டுட்டு வந்துரலாமான்னு இருக்கு. வந்தா அம்மா திட்டும்லப்பா?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை நாள் போனில் மூன்று வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டது எனக்குப் பயந்தா? கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய், இவர் தோளுக்கு மேலாகக் குனிந்து, அதுவரை நான் தொட்டே பார்க்காத மைக்கைப் பிடித்தேன்.

"ஆமாடி, திட்டத்தான் செய்வேன். அங்கிட்டு இருந்துக்கிட்டு எதுக்குப் பயப்படுற? கெளம்பி வா. இங்க வந்து சாப்ட்டுட்டு, எம் பக்கத்துல ஒக்காந்து திட்டு வாங்கு."