சிவப்புக் கிளிப்

எனக்குப் பயம் முதலில் வயிற்றில்தான் வரும். மூளைக்குப் போய்ச் சேர இன்னும் அரை நிமிடம் ஆகும். பந்தயம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் இட்லியைப் பார்த்தாலே குமட்டும். பந்தயம் என்றதும் குதிரை, காளை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு முழ நீளம்கூட இல்லாத கார்கள். கையில் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு ரேடியோ அலையில் ஓட்டுவது. எண்பதுகளின் நடுவில், மட்டாஞ்சேரியில், ஒரு மிளகு குடோனின் முற்றத்தில், மீசை முளைத்த ஆறு ஆண்கள் இதற்காக வேர்த்து ஒழுக நின்றோம். இன்று சொன்னால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள்.

கார்களைக் கொண்டுவந்தவர் குடோன் சூப்பர்வைசர். எல்லோருக்கும் அவர் சேட்டன். வளைகுடாவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்த்தவர். கடையை மூடும்போது ஆறு பெட்டிகளை எப்படியோ ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆறும் ஒரே மாதிரி. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கான சாதாரண ரகம். பெட்டிக்குள் கார் இருக்காது, கார் ஆகவேண்டிய துண்டுகள்தான் இருக்கும். கூடவே ஜப்பான் மொழியில் ஒரு புத்தகம். படத்தைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினோம். ஆறில் இரண்டு எங்கள் வீட்டுக்கு வந்தன. ஒன்று எனக்கு, இன்னொன்று அத்தானுக்கு.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். போட் ஜெட்டி பக்கம் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அவர் ஈயம் பற்றவைத்த இடம் மழைத்துளி மாதிரி உருண்டு பளபளவென்று நிற்கும். நான் பஜார் ரோட்டில் ஒரு வைண்டிங் கடையில் ஃபேன், பம்ப் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் இருவரின் அப்பாக்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்து முனிசிபாலிட்டியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

காரைப் பூட்டி முடித்த மறுநாளே அதை மாற்ற ஆரம்பித்துவிடுவோம். முற்றத்துச் சிமெண்ட் தரையில் மிளகுத் தூசு எப்போதும் படிந்திருக்கும். வளைவில் கார் வழுக்கும். ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி டயருக்குள் திணித்துப் பார்த்தேன். கார் வழுக்காமல் திரும்பியது. சக்கரம் சுற்றும் இடத்தில் பிளாஸ்டிக் புஷ் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, காயலுக்கு நடுவில் துறைமுகம் இருக்கும் ஐலண்டில் கப்பல் பழைய சாமான் விற்பவரிடம் தேடி எடுத்த சின்னச் சின்ன பேரிங்குகளைப் போட்டேன். மேல்மூடி கிழிந்தால் வலை பின்னும் நைலான் நூலால் தைப்போம். அக்கா தையல் மெஷின் எண்ணெயை ஒளித்துவைக்க ஆரம்பித்தாள்.

மோட்டாரை மட்டும் திறக்கக் கூடாது. அது சேட்டன் வைத்த சட்டம். உள்ளே கம்பியைக் குறைத்துச் சுற்றினால் கார் பறக்கும். எனக்கோ தொழிலே அதுதான். அதனால் என்மேல் எல்லோருக்கும் ஒரு கண். என் மோட்டாரின் மூடிமேல் மட்டும் சேட்டன் தன் மனைவியின் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தார். திறந்தால் பொட்டு உடைந்துவிடும். வாராவாரம் அதைப் பார்த்த பிறகுதான் என்னை ஓட்டவிடுவார். செய்யாத குற்றத்துக்கு வாரம் ஒரு விசாரணை. அதற்கும் நான் பயப்படுவேன், ஒன்றும் செய்யாமலேயே.

இன்னொரு சட்டம்தான் முக்கியமானது. ஒவ்வொரு காருக்குள்ளும், அதை ஓட்டும் பெட்டிக்குள்ளும் ஒரு சின்னக் கிரிஸ்டல் இருக்கும். எந்த அலையில் பேசுவது என்பதை அதுதான் தீர்மானிக்கும். ஆறு கார்களுக்கு மூன்று அலைகள்தான் இருந்தன: சிவப்பு, மஞ்சள், நீலம். ஒரே அலையில் இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் ஓண் (ஆன் என்பதை அங்கே அப்படித்தான் சொல்வோம்) செய்தால், ஓடுகிற காருக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாது. பைத்தியம் பிடித்த மாதிரி எங்காவது போய் மோதும். ஆகவே குடோன் வாசலில் ஒரு கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்புகள் மூன்றை மாட்டியிருந்தார் சேட்டன். நிறத்துக்கு ஒன்று. யார் சட்டைக் காலரில் கிளிப் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பெட்டியைத் தொடலாம். ஓட்டி முடித்ததும் திரும்பக் கயிற்றில் மாட்டிவிட வேண்டும்.

எனக்கும் அத்தானுக்கும் வாய்த்தது சிவப்பு. ஒரே வீடு, ஒரே அலை. வீட்டில் நாங்கள் கிளிப்பெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. "நான் போடறேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார். நான் என் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொள்வேன். அந்தப் பழக்கம் மெதுவாக முற்றத்துக்கும் வந்துவிட்டது. அக்கா புருஷனிடம் போய் கிளிப்பைக் கொடு, கிளிப்பை வாங்கு என்று நிற்பது அந்நியமாகப் பட்டது. எங்கள் இருவரில் யார் காலரில் கிளிப் இருந்தாலும், ஓட்டுவது யார் என்று வாயால் சொல்லிக்கொள்வோம். மற்றவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதலில் ஓட்டிப் பார்த்தது நான். என் காரின் முன்சக்கரம் நேராக நிற்காமல் நடுங்கியது. சரிசெய்ய வேண்டும் என்று காரைத் தூக்கிக்கொண்டு, அடுக்கியிருந்த சாக்குகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். போகும்போதே அத்தான் "நான் போடறேன்" என்று சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன். ஒரு திருகாணியைக் கழற்றி, கம்பியைத் திருப்பி மாட்டி, மறுபடி முடுக்கினேன். சக்கரம் இப்போது நேராக நிற்கிறதா என்று பார்க்கும் அவசரம். குனிந்து என் காலரைப் பார்த்தேன். சிவப்புக் கிளிப் என்னிடம்தான் இருந்தது; அத்தான் சொன்னது மறந்தேபோயிற்று. கை தானாகப் போய்ப் பெட்டியை ஓண் செய்தது. அப்புறம் காரை ஓண் செய்தேன்.

என் காரின் சக்கரங்கள் நான் தொடாமலேயே இடமும் வலமும் வெட்டின. மூளைக்குப் புரிவதற்குள் அந்தப் பக்கம் கூச்சல் கேட்டுவிட்டது. பெட்டியை அணைத்தேன். அது ஓணில் இருந்தது மூன்று நொடி இருக்கும், நான்கு இருக்கலாம்.

முற்றத்தின் பின்னால் காயல் பக்கத்து வாசல் அன்றைக்குத் திறந்து கிடந்தது. வள்ளத்தில் வந்த இஞ்சிச் சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தானின் கார் முழு வேகத்தில் அந்த வாசல் வழியாகப் போய் நேரே தண்ணீரில் விழுந்துவிட்டது. வள்ளக்காரர் ஒருவர் குதித்துத் தேடி எடுத்துக் கொடுத்தார். உப்புத் தண்ணீர் ஒழுக ஒழுக அத்தான் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

சேட்டன் கயிற்றைப் பார்த்தார், அப்புறம் எங்கள் காலர்களைப் பார்த்தார். சிவப்பு, காரை ஓட்டிய அத்தானிடம் இல்லை, என்னிடம் இருந்தது.

"ஆரெங்கிலும் ஓண் ஆக்கியோ?" என்று மலையாளத்தில் பொதுவாகக் கேட்டார், யாராவது ஓண் செய்தீர்களா என்று. கண் மட்டும் என்மேல் இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் பேசிவிட்டார். "அவன் என் மச்சினனாக்கும் சேட்டா. அவன் ஓண் ஆக்கமாட்டான். அதுக்கு நான் உறப்பு."

உறப்பு என்றால் அங்கே உத்தரவாதம். அந்த ஒரு வார்த்தையோடு விசாரணை முடிந்தது. சேட்டன் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு வந்தது நிம்மதிதான். வெட்கமெல்லாம் சாயங்காலம்தான் வந்தது.

சாயங்காலம் அத்தான் காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, விளக்கடியில் காயவைத்தார். மோட்டார் போய்விட்டது. மற்றதெல்லாம் பிழைக்கும் போலிருந்தது. கார் ஏன் பிடிவிட்டுப் போனது என்று தேடினார். கடைசியில் பேட்டரிக் கம்பி சேரும் ஓர் இடத்தில் ஈயம் மங்கலாக இருப்பதைக் கண்டுபிடித்தார். உப்புத் தண்ணீர் பட்டால் எந்த ஈயமும் மங்கும். அவருக்கும் அது தெரியும். ஆனால் வேறு காரணம் எதுவும் இல்லாதபோது மனிதன் கிடைத்ததைத்தானே பிடித்துக்கொள்வான். "நான் வச்ச சோல்டர்தான் விட்டிருக்கு" என்றார். நான் அதைப் பார்க்கிறமாதிரி குனிந்து, ஆமாம் போலிருக்கு என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான வார்த்தை அதுதான்.

இதில் கார் பெரிய விஷயமே இல்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை எர்ணாகுளத்தில் அவருக்கு டிரேட் டெஸ்ட் இருந்தது. வளைகுடாவில் டெலிபோன் கருவிகள் பூட்டும் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒரு சர்க்யூட் பலகையில் இருபது இடத்தில் ஈயம் பற்றவைக்க வேண்டும்; பரிசோதகர் குறடால் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். ஒன்று விட்டாலும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அக்காவும் அவரும் இரண்டு வருடமாக எதிர்பார்த்திருந்த வேலை. ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், அத்தான் கண்ணைக் கட்டிக்கொண்டுகூட அதைச் செய்துவிடுவார் என்று நானே சொல்லியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் தன் கையை நம்பவில்லை. கடையில் பழுதுபார்த்த ரேடியோவைத் திரும்பத் திறந்து, பற்றவைத்ததையே மறுபடி பற்றவைத்தார். சூடு அதிகமாகி உள்ளே பலகையில் ஒட்டியிருந்த செப்புத் தகடு உரிந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய பலகையில் பழகுவார். என்னைக் கூப்பிட்டுக் குறடைக் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்வார். எல்லாம் கெட்டியாகத்தான் இருக்கும். நன்றாக இழு, நன்றாக இழு என்பார். அவர் விரல் நுனி லேசாக நடுங்குவதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, டெஸ்ட் அன்றைக்கு நீயும் துணைக்குப் போ, அவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்றாள். எனக்குத் தெரியும் என்ன ஆனதென்று. சொன்னால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற கவலை ஒரு பக்கம். சொல்லாவிட்டால் அந்தக் கை வியாழக்கிழமை என்ன செய்யும் என்ற பயம் மறுபக்கம். பத்து நாள் இப்படியே போயிற்று.

வியாழக்கிழமை காலை போட்டில் போனோம். ஐலண்டைத் தாண்டியதும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன். ஐலண்ட் தாண்டியது. ஒரு கப்பல் தாண்டியதும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கப்பலும் தாண்டியது. எர்ணாகுளம் ஜெட்டியின் மரத்தூண்கள் தெரிந்தபோது, அவர் மடியில் வைத்திருந்த இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருந்தார். அதைப் பார்த்துத்தான் என் வாய் திறந்தது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்குக்குப் பின்னால் உட்கார்ந்தது, காலரைப் பார்த்தது, ஓண் செய்தது. அவர் வைத்த ஈயத்தில் ஒரு குற்றமும் இல்லை என்றேன்.

அவர் காயலையே பார்த்துக்கொண்டிருந்தார். போட் முட்டி நின்றதும் எழுந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

டெஸ்ட் நடந்த கட்டடத்துக்கு வெளியே நான் நின்ற நேரம் எவ்வளவு என்று தெரியாது. இரண்டு சாயா குடித்தேன். கோபத்தில் கை இன்னும் மோசமாக நடுங்கினால் என்ன செய்வது என்று அப்போதுதான் தோன்றியது. வெளியே வந்தவர், இருபதும் பிடித்தது என்று மட்டும் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

திரும்பும் போட்டில் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மட்டாஞ்சேரி நெருங்கும்போதுதான் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கார் போனது சாரமில்ல, போகட்டும்" என்றார். "உனக்காக நான் எல்லாரு முன்னாடியும் வார்த்த கொடுத்தேன். நீ கேட்டுக்கிட்டு நின்னியே. ஞாயித்துக்கிழம அங்க வச்சு நீயே சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை வரை மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். சேட்டன் திட்டுவார், இனி முற்றத்துக்குள் காலை வைக்காதே என்பார், மற்றவர்கள் ஆயுசுக்கும் கிண்டல் செய்வார்கள். எல்லாவற்றுக்கும் மனதைத் தயார்செய்துகொண்டு போனேன். எல்லோரும் கூடியதும் சொன்னேன். நான்தான் ஓண் செய்தேன், அன்றைக்கு மறைத்துவிட்டேன், தப்பு என்னுடையது.

ஒருவரும் திட்டவில்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவே இல்லை. எல்லோர் கண்ணும் அத்தான்மேல் போனது. உறப்பு என்று சொன்னவர் அவர்தானே. மூன்று நாளும் எனக்கு வரப்போகும் அவமானத்தையே நினைத்துப் பயந்தவனுக்கு, அது யாருக்குப் போய்ச் சேரும் என்று மட்டும் தோன்றவே இல்லை. அவருக்குத் தோன்றியிருக்கும். தெரிந்தேதான் என்னைச் சொல்லச் சொன்னார்.

அவர் முன்னால் வந்து சேட்டனுக்கு எதிரே நின்றார். "இவன்கிட்ட கேக்காம அன்னைக்கு நான் சொல்லிட்டேன் சேட்டா" என்றார். "தப்பு என்னோடதாக்கும். மாப்பு தரணும்."

சேட்டன் சரி சரி என்று அவர் தோளைத் தொட்டார். அன்றைக்குப் போலவே நான் பக்கத்தில் கேட்டுக்கொண்டு நின்றேன்.