பிரம்பு நாற்காலியில் ஒரு மீன்காரி

சின்னப்பொண்ணுவுக்கு வயது ஐம்பத்தாறு. முட்டிக்கு மட்டும் எண்பது இருக்கும். குருசுக்குப்பத்திலிருந்து கூடை சுமந்து வந்து, பெரிய மார்க்கெட்டில் பலகை போட்டுக் குந்தி மீன் விற்றே தேய்ந்த முட்டி. இனிமேல் தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீன்காரி தரையில் உட்காராமல் வேறு எங்கே உட்காருவாள்? வியாபாரம் அன்றோடு போயிற்று.

மகன் பாலாஜிதான் இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தான். "பொம்மை வீடும்மா. பழைய சாமானெல்லாம் வச்சிருக்காங்க. வர்றவங்க தொடாம பாத்துக்கணும், அவ்ளோதான். உக்காந்த எடத்துல சம்பளம்" என்றான். பிள்ளை பொய் சொல்லவில்லை, பாவம், அவனுக்குத் தெரியாது.

பொம்மை வீடு என்பது ஊர் வைத்த பெயர். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த மாடி வீடு. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தனிஸ்லாஸ், தன் அம்மா விட்டுப்போனதையும் ஊர் ஊராக அலைந்து வாங்கியதையும் சேர்த்து அங்கே காட்சிக்கு வைத்திருந்தார். படுக்கவைத்தால் கண் மூடும் பீங்கான் முகப் பொம்மைகள், சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில், மரப்பாச்சி, சொப்பு, காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷின். மாடிக்கூடத்தில் ஆளுயரப் பொம்மைகளும் உண்டு. தையல் மிஷினில் குனிந்த தையல்காரர் ஒருவர், தொட்டில் ஆட்டும் தாதி ஒருத்தி. அவர்களைச் சுற்றி எங்கே பார்த்தாலும் நாற்காலி. பிரம்பு பின்னியது, வெல்வெட் தைத்தது, சாய்ந்தால் ஆடுவது. இத்தனை நாற்காலிக்கு நடுவே நாள் முழுக்க நிற்பதற்குச் சம்பளம் வாங்கியவள் புதுச்சேரியிலேயே அவள் ஒருத்திதான்.

முதல் மாதமே கேட்டுப் பார்த்தாள். தனிஸ்லாஸை அங்கே எல்லோரும் ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். "முசியே, ஒரு ஓரமா பிளாஸ்டிக் சேரு போட்டுக்கிட்டா..."

"வேணாம்மா. முன்னாடி இருந்த ஆளுக்குப் போட்டேன். அதப் பாத்துட்டு வந்தவங்கல்லாம் கண்ட சேர்ல உக்காந்து, எங்கம்மா சேரு காலு ஒடஞ்சிபோச்சு. ஒருத்தர் உக்காந்தா அப்புறம் கூடமே பஸ் ஸ்டாண்டுதான்."

கெட்டவர் இல்லை. வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று கட்டம்போட்ட கைத்தறிப் புடவை வருஷத்துக்கு மூன்று எடுத்துக் கொடுப்பார். நாற்காலி மட்டும் கிடையாது. தரை கூடாது என்றார் டாக்டர், நாற்காலி கூடாது என்றார் முசியே. நடுவில் நாலு வருஷம் நின்றது சின்னப்பொண்ணு.

போன சித்திரையில் ஒரு மத்தியானம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. ஆள் ஏறினால் மரப்படி சத்தம் போடும், எழுந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டுவிட்டு, தாதி பொம்மைக்குப் பக்கத்திலிருந்த பிரம்பு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். என்ன சுகம். புருஷன் போன பிறகு இப்படி ஒரு சுகத்தை அவள் கண்டதில்லை. கண் அப்படியே சொருகிவிட்டது.

விழிப்பு வந்தபோது முகத்துக்கு எதிரே ஒரு போன் இருந்தது.

"இது ரொம்ப தத்ரூபமா இருக்குல்ல? மூக்குத்திகூட போட்டு வச்சிருக்காங்க" என்றது ஒரு பெண்குரல்.

"மீன்காரி மாதிரி தெரியுது" என்றான் கூட வந்தவன்.

அசைந்தால் போச்சு. காட்சிக்கு வைத்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு நாளைக்கு வேலை ஏது? சின்னப்பொண்ணு அரைக்கண்ணை அப்படியே வைத்துக்கொண்டு மூச்சை அடக்கினாள். அவர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

கீழே மேசையில் டிக்கெட் கொடுக்கும் பிரிஸ்கில்லாவோடு தனிஸ்லாஸும் இருந்தார். அந்த மீன்காரி பொம்மை பிரமாதம் என்று அவர்கள் சொன்னதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படி ஒரு பொம்மை அவரிடம் இல்லையே. மாடிக்கு வந்தார். சின்னப்பொண்ணு எழப் பார்த்தாள், முட்டி மடங்கியபடியே இறுகிப்போயிருந்தது. இன்றோடு தொலைந்தது என்று நினைத்தாள்.

அவர் திட்டவில்லை. தலையைச் சாய்த்து அவளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பழைய வீட்டில் விலைக்கு வந்த அலமாரியை அப்படித்தான் பார்ப்பார்.

"எழுந்திரிக்காத. நாளையிலேர்ந்து நீ இங்கயே உக்காந்துக்கோ. பழைய கூடை ஒண்ணு கெடக்குது, பக்கத்துல வச்சிக்கலாம். ஆளு இருக்கறப்ப மட்டும் அசையக் கூடாது. முடியுமா?"

"யாராச்சும் எதையாச்சும் தொட்டா?"

"தொட மாட்டாங்க. ஒன்னத்தான் பாத்துக்கிட்டு நிப்பாங்க."

மனுஷிக்கு இல்லாத நாற்காலி பொம்மைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் கொடுத்ததையும் பிடுங்கிக்கொள்வாரோ என்று பயமாக இருந்தது. "முடியும் முசியே" என்றாள். மானமா முட்டியா என்று வந்தால் ஐம்பத்தாறு வயதில் முட்டிதான் ஜெயிக்கும். நாலு வருஷம் நின்று பார்த்தவர்கள் வேண்டுமானால் அதில் குறை சொல்லட்டும்.

மறுநாள் 'மீன் விற்கும் பெண்' என்று மூன்று பாஷையில் அட்டை எழுதி வைத்தார்கள். மூச்சு தெரியாமல் இருக்க முந்தானையைத் தடிமனாகப் போர்த்திக்கொண்டாள். கொசு கடித்தால் கடித்ததுதான். உட்காரவும் இத்தனை பாடு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். கூட்டம் நகர்ந்த பிறகும் ஒரு பெண் மட்டும் நின்றாள். ஜவுளிக்கடையில் நின்று துணி விற்கிறவள்போல, காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள். சின்னப்பொண்ணுவின் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து பாதத்தைப் பார்த்தாள்.

"காலப் பாருங்களேன், எப்பிடி வீங்கியிருக்குன்னு" என்றாள் புருஷனிடம். "நாளெல்லாம் நின்னவ காலு இது. பாவம், எவ்ளோ வலிச்சிருக்கும்."

நாலு வருஷத்தில் அந்தக் கூடத்துக்கு வந்த ஒருவரும் அவளைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆமாம்மா, ரொம்ப வலிச்சுது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். கண்ணிலிருந்து இறங்கியதை மட்டும் விழுங்க முடியவில்லை. நல்லவேளை, அந்தப் பெண் அதற்குள் திரும்பி நடந்துவிட்டாள். துடைத்துக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கப் போனபோது, அடுத்த கூட்டம் படியேறி வரும் சத்தம் கேட்டது.