டர்போவுக்கு ஊற்றாத எண்ணெய்

1991இல், பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் அன்று அண்ணனும் அண்ணியும் நானும் இருந்தோம். மெக்கானிக் பாய் ஊரில் இல்லை. பிரித்த லாரி இன்ஜினை நாங்களே பூட்டி முடித்திருந்தோம். மறுநாள் லோடு ஏற்றாவிட்டால் வாடகை ஒப்பந்தம் போய்விடும்.

"படிச்சவனே, புக்குல கடைசியா இன்னா போட்டுகீது?" என்றார் அண்ணன்.

இன்ஜின் கையேட்டின் அந்தக் கடைசி ஆங்கில வரி எனக்குப் புரியவில்லை. வீட்டிலேயே முதலில் படித்தவன், அதை எப்படிச் சொல்வேன்? "ஒண்ணுமில்லண்ணா, ஸ்டார்ட் பண்ணு."

சில நிமிடங்களில், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ கிறீச்சிட்டு இறுகிவிட்டது. அகராதியைப் புரட்டினேன். 'ஸ்டார்ட் செய்யுமுன் டர்போவில் எண்ணெய் ஊற்றவும்' என்பதுதான் அந்த வரி. அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"தெரியலன்னு சொல்ல இன்னாடா வெக்கம்? நான் தெனம் சொல்லிகினுதானே கீறேன்!" என்றார் அண்ணன்.

இப்போதெல்லாம் புரியாத வரியில் விரல் வைத்து, யாரிடமாவது கேட்டுவிடுகிறேன். அன்று கேட்காததற்கு, கைவிட்டுப் போன லோடையும் சேர்த்து நாங்கள் கொடுத்தது பதினோராயிரம் ரூபாய்.