மலை இல்லாத ஊரில் வலது கைப்பக்கம்

திருவண்ணாமலையில் பதினொரு வருஷம் ஆட்டோ ஓட்டினேன். வீடு அடி அண்ணாமலையில். சவாரி பெரும்பாலும் ஆசிரமம் பக்கம், செங்கம் ரோட்டில். வெளிநாட்டுக்காரர்கள் வழி கேட்பார்கள். ஒன்றுதான் சொல்வேன். மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நட, தொலையமாட்டாய். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கு வரும். அப்படியும் சிலர் தொலைவார்கள். ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்போம்.

"இம்மாம் பெரிய மலை கண்ணு முன்னால நிக்குது. அது தெரியாம சுத்தறான் பாரு."

என் மனைவி நர்ஸ். இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் அவளுக்கு லண்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவளும் நானும் ஆறு வயது மகளும் போனோம். லண்டன் இல்லை. லண்டனுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது லண்டன்தான். நான் திருத்தவில்லை.

அந்த ஊர் எனக்குப் பிடிபடவில்லை. காலை ஏழு மணிக்கு எல்லோரும் ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். பௌர்ணமிக் கூட்டம் மாதிரி ஒரே பக்கமாக. ஆனால் ஒருத்தரும் பேசமாட்டார்கள். எட்டரைக்கு மேல் தெருவில் ஆள் கிடையாது. டீக்கடை கிடையாது. ஒரே மாதிரி செங்கல் வீடுகள். மலை இல்லை. நடு ஊரில் ஒரு சர்ச். அதன் கூரான கோபுரம் மட்டும் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மனைவி மகளின் பள்ளிக்கூடத்தைக் காட்டினாள். போகும்போது பஸ். ஜன்னல் முழுக்க மழை, ஒன்றும் தெரியவில்லை. வரும்போது நடந்தோம். கோபுரம் கடைசிவரை வலது கைப்பக்கம் இருந்தது. மனசு கொஞ்சம் அடங்கியது. நம் ஊர் மாதிரிதான் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மகளுக்கு முதல் நாள். காலையில் மனைவி பஸ்ஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு டூட்டிக்குப் போவாள். மூன்றேகாலுக்கு நான் போய்க் கூட்டிவர வேண்டும். பெற்றவர்கள் வந்து நின்றால்தான் பிள்ளையை வெளியே விடுவார்கள். வராவிட்டால் மனைவிக்குப் போன் போகும். அவளுக்கு வேலையில் அது இரண்டாவது வாரம். வார்டை விட்டு நகர முடியாது.

அவள் ஒரு தாளில் வழியை வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

"பேப்பர எடுத்துக்கினு போங்க."

"இன்னாத்துக்கு? பதினோரு வருஷம் ஆட்டோ ஓட்டினவன். எனக்கே வழி சொல்றியா?"

"அது நம்ம ஊரு. இங்க யார்கிட்ட கேப்பீங்க?"

"நான் கேக்கவே மாட்டேன்."

"தெரியும். அதான் பயமா இருக்குது."

இரண்டேகாலுக்குக் கிளம்பினேன். தாள் ஃபிரிட்ஜிலேயே இருந்தது. ஸ்டேஷனைத் தாண்டி, கோபுரத்தை வலது பக்கம் வைத்து நடந்தேன். தெரு வளைந்தது. நானும் வளைந்தேன். அரை மணி நடந்ததும் எதிரில் ஒரு ஸ்டேஷன். இந்த ஊரில் இரண்டு ஸ்டேஷனா என்று பார்த்தேன். வாசலில் பூக்கடை. அதே தகர வாளிகள். அதே ஸ்டேஷன்.

எங்கே தப்பு என்று தெரியவில்லை. கோபுரத்தை நான் விடவே இல்லை. ஒரு திருப்பத்தை விட்டிருப்பேன் என்று மறுபடியும் அதே பக்கம் நடந்தேன். இந்த முறை வேகமாக. மறுபடியும் பூ வாளிகள். மணி மூன்று பத்து.

கேட்டே ஆக வேண்டும். பூக்கடையில் ஒரு பெண் இருந்தாள். எங்கே போகணும் என்று ஆயிரம் பேரைக் கேட்டிருக்கிறேன். நான் போகிற இடத்தை யாரிடமும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தின் பெயர் தாளில் இருந்தது. வாயில் இல்லை. "ஸ்கூல்" என்றேன். அவள் நீளமாக ஏதோ கேட்டாள். தலையாட்டினேன். ஒரு பூங்கொத்தை எடுத்து நீட்டினாள். "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு, வாங்காமல் வெளியே வந்தேன்.

மூன்றரை இருக்கும். இரண்டு சுற்றிலும் நான் நுழையாத ஒரு தெருவின் முனையில் பிள்ளைகள் வந்தார்கள். மகள் போட்டுப் போன அதே நீல ஸ்வெட்டர். கூடவே அம்மாக்கள். கோபுரம் அவர்களுக்கு வலது கைப்பக்கம் இருந்தது. சனிக்கிழமை எனக்கு இருந்த மாதிரி.

அவர்கள் வருகிற பக்கம்தான் பள்ளிக்கூடம். அந்தப் பக்கம் போனால் கோபுரம் எனக்கு இடது கைப்பக்கம் வரும். கால் நின்றுவிட்டது. எங்கள் ஊரில் மலையை இடமாகச் சுற்றமாட்டார்கள். இடமாகச் சுற்றுவது சாவுக் காரியத்தில்தான். முதல் நாள் பிள்ளையைக் கூட்டிவர அப்படியா போவது? சர்ச்தானே, மலை இல்லையே என்று நினைத்தேன். சர்ச் என்றாலும் சாமிதானே என்றும் நினைத்தேன். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஓடினேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். கிரிவலத்தில் போன வழியே திரும்புவது கிடையாது. போவதும் வருவதும் ஒரே சுற்று. மலை எப்போதும் வலதுதான். ஆட்டோவில் போனால் இரண்டு பக்கமும் வரும், ஆனால் ஆட்டோவில் நான் மலையைப் பார்ப்பதில்லை, ரோட்டைப் பார்ப்பேன். நடந்தால் வலது. அப்படியே பழகிவிட்டது. வரும்போது வலதில் இருப்பது போகும்போது இடதில் இருக்கும். இது ஒரு விஷயமா? எனக்கு அன்று தெரியவில்லை.

பள்ளிக்கூட வாசலில் யாரும் இல்லை. கண்ணாடிக் கதவுக்குள் மகள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பை மடியில். பக்கத்தில் டீச்சர். கையில் போன். பேசி முடித்தாளா, இனிமேல்தான் பேசப்போகிறாளா, தெரியவில்லை. "சாரி" என்றேன். டீச்சர் சிரித்தாள்.

"ப்பா, தொலஞ்சிட்டியா?" என்றாள் மகள்.

"இல்ல."

"மிஸ் அப்படித்தான் சொன்னாங்க."

"மிஸ்ஸுக்கு இன்னா தெரியும்."

வெளியே வந்ததும் நின்றேன். கோபுரத்தைத் தேடினேன். மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்தப் பக்கம்ப்பா. மொதல்ல பச்சக் கதவு. அப்புறம் பூன இருக்கிற வீடு."

கோபுரத்தை அவள் பார்க்கவே இல்லை. கதவு கதவாகப் பார்த்து நடந்தாள். நான் பின்னால் போனேன். ஸ்டேஷன் வந்தது. வீடு வந்தது. ஃபிரிட்ஜில் இருந்த தாளைப் பிய்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

மனைவி டூட்டி முடிந்து வந்தாள். ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

"பேப்பர் எங்க?"

"பாக்கெட்ல."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. போன் வந்ததா என்று நானும் கேட்கவில்லை. இன்று வரை தெரியாது.

சாப்பிடும்போது மகள் கேட்டாள். "நாளைக்கும் உள்ளயே உக்காந்து இருக்கட்டுமாப்பா?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"வாணாம். வாசல்ல நான் நிப்பேன்" என்றேன்.