அளக்காத இரண்டு தெரு

பிள்ளைகளே, அப்பா கல்லூரியில் அட்டெண்டராக இருந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே நான் ஒருவருடைய படிப்பைக் கெடுத்தது தெரியாது. எதிரில் உட்கார்ந்து சொல்லத் தைரியம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் எங்கள் புள்ளியியல் துறையில் வாரம் ஒரு நாள் மாலை செமினார் நடக்கும். கணக்குத் துறைக்காரர்களும் வருவார்கள். ஒருவர் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவார், மற்றவர்கள் குடைந்து குடைந்து கேள்வி கேட்பார்கள். நாற்காலி போடுவது, போர்டு துடைப்பது, டீ கொடுப்பது என் வேலை.

அந்த வருஷம் அங்கே ஆராய்ச்சி செய்த ஒரு பெண் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும். அனகாபுத்தூர் நெசவாளர் வீட்டுக் குழந்தைகளின் உயரத்தைப் பற்றியது அதன் ஆராய்ச்சி. வீடு வீடாகப் போய் அளந்து படிவத்தில் எழுதி வரும் வேலையை என்னை நம்பிக் கொடுத்திருந்தது. "இந்த வருஷம் முடிக்கலைன்னா வீட்டுல கல்யாணம் பண்ணி அனுப்பிடுவாங்கண்ணா" என்று சிரித்துக்கொண்டே சொல்லும்.

கடைசி இரண்டு தெரு பாக்கி இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் நின்ற என்னைப் பார்த்து ஒரு நெசவாளர் மாடிப்படியிலிருந்து கத்தினார்: "இன்னா சார், யோசிச்சுகினே நிக்கிற? தண்ணி வடியறங்காட்டியும் புள்ளைங்க ஒரு சாண் வளந்துடும். நீஞ்சி வந்து அளந்துகினு போ!"

மறுநாளே படிவங்கள் வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டிருந்தது. குழந்தைகளின் பெயரும் வயதும் முன்பே எடுத்து வைத்திருந்தேன். தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து உயரத்தைச் சென்டிமீட்டரில் நானே எழுதினேன். நூறு, நூற்றைந்து என்று எழுதினால் பொய் தெரிந்துவிடும் என்று பயந்து, நூற்று மூன்று, தொண்ணூற்றேழு என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் செமினாரில் பேசியாக வேண்டும். அந்தப் பெண் எண்களையெல்லாம் பெரிய தாளில் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டுப் பேசியது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் எழுந்து தாளின் அருகில் போய் வெகுநேரம் பார்த்தார்.

"மத்த எல்லாத் தெருவுலயும் சைபர்லயும் அஞ்சுலயும் முடியிற நம்பர் அதிகமா இருக்கு. டேப் புடிக்கிற கை அப்படித்தான் எழுதும், சகஜம். இந்த ரெண்டு தெருவுல மட்டும் சைபரும் இல்ல, அஞ்சும் இல்ல. ஒண்ணுகூட இல்ல. யாரும்மா அளந்தது?"

"அந்தத் தெருவுல சைபருக்கும் அஞ்சுக்கும் ரேஷன் போல சார்" என்றான் பின்வரிசை மாணவன் ஒருவன். சிரிப்பு எழுந்தது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எங்க அண்ணாதான் சார் அளந்தாரு. நூல் பிசகாம செய்வாரு" என்று, கதவோரம் டீத் தட்டோடு நின்ற என்னைக் காட்டியது.

எல்லோரும் திரும்பினார்கள். அந்த இரண்டு தெரு பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயமா, அத்தனை பேர் முன்னால் வெட்கமா, இன்றைக்கும் தெரியவில்லை. ஆமாம், நான்தான் அளந்தேன் என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப மீதித் தெருவையும் எப்படிம்மா நம்புறது?" என்று கேட்டுவிட்டுப் பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் வராந்தாவில் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டு தெருதானாண்ணா? மத்ததெல்லாம் நெஜமா அளந்ததுதானே?"

"சத்தியமா அளந்ததும்மா."

"உள்ளயே சொல்லியிருந்தா அந்த ரெண்ட மட்டும் எடுத்துட்டு மீதியக் காப்பாத்தியிருப்பேனே."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அதன் கைடிடம் போய் ஒப்புக்கொண்டேன். "இனிமே நீ எத உண்மைன்னு சொன்னாலும் யாருப்பா நம்புவாங்க?" என்றார். எல்லாக் குழந்தைகளையும் வேறு ஆளை வைத்து மறுபடி அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்கு இன்னொரு வருஷம் வேண்டும். வீட்டில் கொடுக்கவில்லை. தை மாதம் கல்யாணப் பத்திரிகை துறைக்கு வந்தது. எனக்கும் தனியாக ஒன்று. என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

பத்திரிகை வந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் துறையில் யாரும் இல்லை. அலமாரியைத் திறந்து படிவக் கட்டுகளை எடுத்தேன். அந்த இரண்டு தெருவினுடையதைத் தனியே பிரித்தேன். ஒவ்வொன்றின் மேலும் 'அளக்கவில்லை' என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டு, மறுபடி கட்டி உள்ளே வைத்துப் பூட்டினேன்.