கல்லுக்கு ஏற்றிய விளக்கு

வானத்திலிருந்து பெரிய கல் ஒன்று பூமியைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறது, இன்னும் சில வருஷத்தில் மோதலாம் என்று டிவியில் சொன்ன வாரம், எங்கள் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. ஒற்றைப் பிள்ளை பெற்றவர்கள் வேப்பமரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, வாசலில் தேங்காய் மூடியில் விளக்கு ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆகாதாம். யார் சொன்னது என்று கேட்டால் எல்லாருக்கும் வேறு யாரோதான் சொல்லியிருந்தார்கள். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு மிச்சம் இருப்பதே ஒரு வேப்பமரம். அன்றைக்கு அதன் அடியில் கணுக்கால் வரைக்கும் சேறு. கோடி வீட்டில் சர்ச்சுக்குப் போகிற அம்மாவும் வாசலில் மெழுகுவத்தி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, கரண்ட் வந்து வந்து போகுது என்றார்கள். தெரு விளக்கெல்லாம் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

நானும் ஏற்றினேன். எனக்கும் ஒரே மகன். வளைகுடாவில், கட்டடங்களுக்கு இடுப்பில் பெல்ட் மாட்டித் தொங்கியபடி அலுமினிய ஜன்னலும் கண்ணாடியும் பொருத்துகிற வேலை. அவன் அப்பா போன பிறகு நான் தனியாகத்தான் இருக்கிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள், நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசவும் வராது. கூட்டத்தோடு கூட்டமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில், அந்தக் கல் விலகிப் போய்விடும் என்று டிவியிலேயே சொன்னார்கள். பெரிய தொலைநோக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். எந்த வருஷம் வரும், எவ்வளவு தூரத்தில் தாண்டும், எல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுவார்களாம். எங்கள் தெரு அந்தப் பெருமையை விளக்குக்குக் கொடுத்துவிட்டது. மாடி வீட்டம்மா, "பாத்தீங்களாக்கா, அவ்ளோ பெரிய கல்லையே திருப்பி வுட்டோம்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் மனசு லேசாக இருந்தது.

அதே மாதம் மகன் இருக்கிற ஊருக்குப் பக்கத்து நாடுகளில் சண்டை மூண்டது. டிவியில் ஏவுகணை என்றார்கள். எனக்கு ராக்கெட் என்றுதான் வாயில் வருகிறது. அவன் ஊர் வானத்திலும் அவை போயின. சில விழுந்தன. ஏர்போர்ட்டை மூடிவிட்டார்கள். கல் வருவதை அத்தனை வருஷம் முன்னால் சொன்ன அதே டிவி, இது எங்கே விழும் என்பதை விழுந்த பிறகுதான் சொன்னது. தாம்பரத்தில் பயிற்சி விமானம் தலைக்கு மேல் சுற்றுவது புதிதில்லை. இத்தனை காலமாக அந்தச் சத்தத்தில்தான் சோறு வடித்திருக்கிறேன். அந்த வாரம் மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தேன். ஒரு நாள் கொதிக்கிற கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டேன்.

வெட்கத்தை விட்டு மாடி ஏறினேன். ராக்கெட்டுக்கு ஏதாவது விளக்கு ஏற்றச் சொல்லி போனில் வந்திருக்கிறதா என்று கேட்டேன். மாடி வீட்டம்மா சிரிக்கவில்லை. போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இதுக்கு ஒண்ணும் வரலக்கா" என்றாள்.

படி இறங்கும்போது நினைத்துக்கொண்டேன். கல்லுக்கு யார் மேலும் கோபம் கிடையாது, அது பாட்டுக்கு வருகிறது. இதை ஒருத்தர் செய்து, ஒருத்தர் தூக்கி வைத்து, ஒருத்தர் பட்டனை அமுக்கி அனுப்புகிறார். அந்த மனுஷனையும் ஒருத்தி பெற்றுத்தான் இருப்பாள். இருந்தும் அவரிடம் போய், வேண்டாம்ப்பா என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

சாயங்காலம் மகன் பேசினான். அவனிடம் புலம்பினேன்.

"கல்லு வந்தா ஆளு பாக்காதும்மா. இது குறி வெச்சு அனுப்பறது. எங்க மேல குறி இல்ல."

"குறி தப்பினா?"

சாப்ட்டியா என்று என்னைக் கேட்டான்.

சண்டை ஓய்ந்து ஏர்போர்ட் திறந்தார்கள். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பல்லாவரத்துக்காரர் வந்து இறங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டதும், என் மகனும் வந்துவிடுவான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவன் தலையணையை வெயிலில் போட்டேன். கட்டிலை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் போன் வந்தது. இப்போது வரவில்லையாம்.

"இங்க பாதி ஊரு கண்ணாடி ஒடஞ்சி கீதும்மா. மாட்டறதுக்கு ஆளே இல்ல, பாதிப் பேரு ஊருக்குப் பூட்டானுங்க. ரெட்டைச் சம்பளம் தராங்க."

"திரும்ப வுழுந்தா இன்னாடா பண்ணுவ?"

"திரும்ப மாட்டணும்" என்று சிரித்தான்.

வந்துவிடு என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். வந்து இங்கே என்ன செய்வது என்று கேட்பான். எத்தனாவது மாடியில் வேலை என்று கேட்டேன். அதெல்லாம் நீ கேக்காதே என்றான்.

இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கினு ஏறுப்பா என்றேன். மாட்டறேம்மா என்றான்.