கலியாணச் சாறியில் ஒரு முழம்

இந்தப் பயணம் அம்மாவின் கைத்தொலைபேசியில் தொடங்கியது. கடந்த ஆவணியில் முல்லைத்தீவுக் கரையோரத் தேவாலயம் ஒன்றின் திருவிழாக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், படத்தை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். “இது றெஜினாவெல்லே?” என்றார். உயிரோடு இருக்கிறாரா என்றே பதினாறு வருடமாகத் தெரியாமலிருந்த பெண். அடுத்த சனிக்கிழமை நான் வவுனியாவில் பஸ் ஏறிவிட்டேன்.

என் பைத்தியம் இங்கே வழமையாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். போகுமிடமெல்லாம் படைக்கொடிகளைத் தேடிப் பார்ப்பவள் நான். வில்லும் புலியும் மீனும் மூவேந்தர் கொடிகளில் பறந்தது அழகுக்கு மட்டுமல்ல. போர்க்களத்துக் கூச்சலில் கட்டளை காதில் விழாது. புழுதிக்குள் தன் படை எங்கே நிற்கிறது என்று அறிய வீரனுக்கு உயரத்தில் ஒரு துணி வேண்டியிருந்தது. கொடி சாய்ந்தால் தலைவன் விழுந்தான் என்று படை கலைந்துவிடும். அதைக் காக்கவே ஒருவர் பின் ஒருவராகச் செத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து சுடும் துப்பாக்கிகள் வந்தபின் உயர்த்திய கொடி குறிபார்க்க வசதியாகிப் போனது. மெல்ல மெல்ல அது அணிவகுப்புக்கும் அருங்காட்சியகத்துக்கும் ஒதுங்கிவிட்டது. வெள்ளைக்கொடிக்கு மட்டும் களத்தில் இன்னமும் வேலை இருக்கிறது. எதிரே நிற்பவன் மதித்தால்தான் அது கொடி, இல்லாவிட்டால் வெறும் துணி.

அந்தக் கொடியை அம்மாவின் கையில் பார்த்திருக்கிறேன்.

2009இல் முரசுமோட்டையிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரை மணலுக்கு வந்து சேர்ந்திருந்தோம். அம்மா, தங்கை, நான். எனக்குப் பதினேழு வயது. பக்கத்துப் பதுங்குகுழியில் றெஜினா அக்கா, அவருடைய கணவர், நடக்கமுடியாத மாமியார். இராணுவப் பக்கம் வெளியேறுவதென்றால் வெள்ளையாக எதையாவது பிடிக்கவேண்டும் என்றார்கள். வெள்ளைக்கு எங்கே போவது? சாறிகளையெல்லாம் மண்மூட்டைகளாகத் தைத்தாயிற்று. மிஞ்சிய துணி சேற்று நிறம். றெஜினா அக்கா ஒரு பைக்குள்ளிருந்து, தேவாலயத்தில் கட்டிய தன் வெள்ளைக் கலியாணச் சாறியை எடுத்தார். கரையைப் பல்லால் கடித்துக் கிழித்து, கேட்ட குடும்பத்துக்கெல்லாம் ஒவ்வொரு முழம் கொடுத்தார். எங்களோடு வரும்படி அம்மா கெஞ்சினார். மாமியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றுவிட்டார்.

களப்பின் நெஞ்சளவு தண்ணீரில் அம்மா அந்தத் துண்டைத் தலைக்குமேலே பிடித்தபடி நடந்தார். எதிர்க்கரையில் நின்ற சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

காலை ஆறரைக்குப் புறப்பட்ட பஸ் மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று வழியாக முல்லைத்தீவை அடைய மூன்று மணித்தியாலம் எடுத்தது. இடப்பக்க இருக்கையைப் பிடியுங்கள், காலை வெயில் படாது. பஸ் நிலையத்தில் ஓட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னதும் சிரித்தார். “கருவாடு போடுற றெஜினா அக்காவோ? ஏறுங்கோ.” ஐந்நூறு ரூபாய் வாங்கினார்.

மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். என்னை அடையாளம் கண்ட சாயல் முகத்தில் இல்லை. அம்மாவின் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், சாறியைச் சொன்னேன்.

“எனக்கு ஞாபகமில்லை, பிள்ளை. கனபேருக்குக் குடுத்தனான்.”

வழியெல்லாம் அவர் என்னைக் கட்டிப்பிடிப்பதாகவே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு கணம் மனம் சோர்ந்தது. பிறகுதான் அந்தக் ‘கனபேர்’ உறைத்தது: நாங்கள் மட்டுமல்ல, எத்தனையோ குடும்பங்கள். கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி தந்தார். கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள்?

“எங்களுக்கு மிஞ்சேல்லை. இவர் மாமியைத் தோளில தூக்கினவர். தன்ர பெனியனைக் கழட்டித் தந்தார், நான் தடியில கட்டினனான். அது வெள்ளையே? மண் நிறம். ஆனா அங்கால நிண்ட ஆமிப் பெடியனுக்கு விளங்கிட்டுது.”

மூவரும் தப்பியிருக்கிறார்கள். மாமியார் ஊர் திரும்பி, தன் வீட்டில்தான் கண்மூடினாராம். நான் அழுதேன்.

அம்மா கொடுத்தனுப்பிய பொதியைப் பிரித்து வைத்தேன். உள்ளே வெள்ளைச் சாறி. கையைத் துடைத்துவிட்டுத் தடவிப் பார்த்தார்.

“அந்தச் சாறியை ஒருநாள்தான் கட்டினனான். பிறகு எல்லாரும் தடியில கட்டிட்டினம். இதை நானே கட்டுறன்.”

காணொளி அழைப்பில் அம்மாவைக் காட்டினேன். இருவரும் மழைக்குக் கருவாட்டை எப்படிக் காப்பாற்றுவது என்று கதைக்கத் தொடங்கி அரை மணித்தியாலம் போயிற்று. நன்றி என்ற சொல் அம்மாவின் வாயில் கடைசிவரை வரவேயில்லை. “அவாக்கு அது விளங்கும்,” என்றார் இரவு.

போக நினைப்பவர்களுக்கு: வவுனியாவுக்கு நேரடி பஸ் பின்னேரத்தில் குறைவு, நேரத்தைக் காலையிலேயே விசாரித்துவிடுங்கள். குடையும் தண்ணீரும் அவசியம். அந்தக் கரையில் வெள்ளைக்கொடி என்றால் ஆட்கள் குரலைத் தாழ்த்துவார்கள். நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்களாகக் கதை தொடங்கினால் பஸ்ஸை விட்டுவிட்டாவது இருந்து கேளுங்கள்.

அருங்காட்சியகக் கொடிகளுக்குக் கீழே எந்தப் படை, எந்தப் போர் என்று எழுதியிருக்கும். றெஜினா அக்கா கிழித்துக் கொடுத்தவை எத்தனை பேரைக் கரைசேர்த்தன என்று அவருக்கே தெரியாது. எங்கள் வீட்டுக் கணக்கு மட்டும் எனக்குத் தெரியும். அன்று தண்ணீருக்குள் மூன்று பேர் இறங்கினோம். இன்று தங்கையின் பிள்ளைகளோடு ஐந்து பேர் இருக்கிறோம்.